கரை எவ்வளவு உயரம்?

கடலோரத்தில் ஒரு மண்கரை எழுப்ப வேண்டும். எவ்வளவு உயரத்துக்கு எழுப்புவது? நெதர்லாந்துக்காரர்கள் பல நூறு ஆண்டுகளாக இதற்குச் சுலபமான ஒரு விடை வைத்திருந்தார்கள். ஊர் நினைவில் இருக்கும் வெள்ளங்களிலேயே பெரியது எந்த மட்டத்தைத் தொட்டதோ, அதற்குமேல் கொஞ்சம் கூட்டிக் கட்டுவார்கள். நிலப்பரப்பில் ஏறத்தாழ கால்பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நாடு அது. 1953 ஜனவரி 31 இரவு, வடமேற்குப் புயலும் பௌர்ணமியை ஒட்டிய உயர் ஓதமும் ஒன்றுசேர்ந்து வடகடலைத் தெற்கே தள்ளியபோது அந்த விடை தோற்றுப்போனது. ஹூக் வான் ஹாலந்து என்ற கடலோர ஊரில் நீர்மட்டம் நாட்டின் ஆதார மட்டத்துக்கு (ஏறத்தாழ சராசரிக் கடல்மட்டம்) மேல் 3.85 மீட்டர் ஏறியது. பல கரைகள் கடல் முட்டியதால் முன்புறமிருந்து உடைந்தவை அல்ல. அலை முகட்டைத் தாண்டி வழிந்தது. வழிந்த நீர் ஊர்ப்பக்கச் சரிவில் இறங்கிப் புல்லைப் பெயர்த்தது, மண்ணை ஊறவைத்துச் சரித்தது. பின்புறம் கரைந்துபோன கரையால் முன்புறத்தின் பாரத்தைத் தாங்க முடியவில்லை. நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள்.

அரசு உடனே டெல்டா குழு என்ற நிபுணர் குழுவை அமைத்தது. உயரம் பற்றிய கேள்வி ஆம்ஸ்டர்டாமின் கணித மையத்துக்குப் போனது. அங்கே அதைக் கையிலெடுத்த டாவிட் வான் டான்ட்சிக், முதல் வேலையாகக் கேள்வியையே மாற்றிப் போட்டார். எந்த உயரத்திலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. எவ்வளவு உயர்த்தினாலும் அதையும் தாண்டும் புயல் வருவதற்குச் சிறு வாய்ப்பாவது இருக்கும். எனவே கட்டும் செலவு ஒரு பக்கம், கட்டிய பிறகும் எஞ்சி நிற்கும் ஆபத்தால் வரக்கூடிய இழப்பு மறுபக்கம். இவ்விரண்டின் கூட்டுத்தொகை எந்த உயரத்தில் மிகக் குறைவாக இருக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி என்றார். அவருடைய கட்டுரை 1956இல் எகானமெட்ரிக்கா இதழில் வந்தது. நாம் தீர்மானிக்கக்கூடியது எது, குறைக்க வேண்டியது எது, மீறக்கூடாத நிபந்தனை எது என்று மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு, இருக்கும் வழிகளில் மிகச் சிறந்ததைத் தேடுவதைக் கணிதத்தில் உகப்பாக்கம் என்கிறார்கள். ஒட்டுப்பலகை ஆலை ஒன்றின் உற்பத்திக் கணக்கிலிருந்து லியோனிட் கான்டொரோவிச் 1939இல் சோவியத் நாட்டில் இந்தத் துறைக்கு ஒரு வாசலைத் திறந்தார். 1947இல் அமெரிக்காவில் ஜார்ஜ் டான்ட்சிக் சிம்ப்ளெக்ஸ் முறையைத் தந்தார். இன்று மின்நிலையங்களை இயக்குவதற்கும், அணைநீரைத் திறப்பதற்கும், பேருந்து அட்டவணை போடுவதற்கும் இதே துறைதான் பயன்படுகிறது. ஆனால் இதனால் ஒரு சமூகத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதைக் கரையின் கதை காட்டும் அளவுக்கு வேறெதுவும் தெளிவாகக் காட்டுவதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கரைக்குப் பின்னால் 1,000 கோடி ரூபாய் சொத்து இருக்கிறது. எந்த ஓர் ஆண்டிலும் கரை தோற்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. அப்படியானால் சராசரியாக ஆண்டுக்கு 1 கோடி இழப்பை எதிர்பார்க்க வேண்டும். ஹூக் வான் ஹாலந்தில் அன்று கிடைத்த அளவீடுகளின்படி, நீர்மட்டம் முக்கால் மீட்டர் கூடும்போதெல்லாம் அந்த மட்டத்தைக் கடல் தொடும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நம் கரையையும் முக்கால் மீட்டர் உயர்த்தினால் இழப்பு ஆண்டுக்கு 10 லட்சமாகக் குறையும். 90 லட்சம் மிச்சம். இன்னொரு முக்கால் மீட்டர் உயர்த்தினால் மேற்கொண்டு மிச்சமாவது 9 லட்சம். அதற்கடுத்த முக்கால் மீட்டருக்கு 90 ஆயிரம்தான். கட்டும் செலவோ படிக்குப் படி குறையாது. முகடு ஏற ஏற அடி அகல வேண்டியிருப்பதால் உண்மையில் கூடும். ஆண்டுதோறும் வரும் மிச்சத்தை 5.5 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், முதல் உயர்த்தலுக்கு ஏறத்தாழ 16 கோடி வரை செலவழிக்கலாம். இரண்டாவதற்கு 1.6 கோடிக்கு மேல் செலவழிப்பது வீண். அந்தப் பணம் வேறொரு கரையில் இதைவிட அதிக ஆபத்தைக் குறைத்திருக்கும். எங்கே நிறுத்துவது என்பதற்கு அச்சமோ ஆசையோ காரணமாக இல்லாமல், வேறு இடத்தில் அதே பணம் என்ன செய்யும் என்ற ஒப்பீடு காரணமாகிறது. உகப்பாக்கத்தின் உயிர்நாடி இதுதான்.

வான் டான்ட்சிக்கின் கணக்கு மத்திய ஹாலந்துப் பகுதிக்குக் காட்டிய உகந்த வாய்ப்பு ஆண்டுக்கு 1,25,000இல் ஒன்று. வடிவமைப்பு மட்டத்தை நீர் தொட்டதுமே கரை உடைந்துவிடாது என்பதைக் கணக்கில் கொண்டு, பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புள்ள நீர்மட்டத்தைத் தாங்கும் கரை போதும் என்று குழு முடிவெடுத்தது. ஹூக் வான் ஹாலந்தில் அது 5 மீட்டர். பிற்காலத்தில் ஹாலந்துக் கடற்கரைக்குப் பத்தாயிரத்தில் ஒன்று, சீலாந்து மாகாணத்துக்கு 4,000இல் ஒன்று, ரைன், மாஸ் ஆற்றங்கரைகளுக்கு 1,250இல் ஒன்று என்று அளவுகள் சட்டமாயின.

வான் டான்ட்சிக்கின் கணக்கில் ஒரு குறை இருந்தது, அது காலம் சம்பந்தப்பட்டது. கரையை ஒருமுறை உயர்த்திவிட்டு மறந்துவிட முடியாது. கடல் ஏறுகிறது, நிலம் அமிழ்கிறது, கரைக்குப் பின்னால் வீடுகளும் ஆலைகளும் பெருகுகின்றன. ஆண்டுக்கு ஓர் அங்குலமாக உயர்த்திக்கொண்டு போகவும் முடியாது. நிலம் கையகப்படுத்துவது, கரையோர வீடுகளை அகற்றுவது, எந்திரங்களைக் கொண்டுவந்து இறக்குவது என்று ஒவ்வொரு முறையும் ஒரு நிலைச்செலவு உண்டு. ஆகவே எவ்வளவு என்ற கேள்வியோடு எப்போது என்ற கேள்வியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. செல்வம் வளரும் நாட்டில் உடைப்புக்கான வாய்ப்பை ஒரே எண்ணில் நிறுத்தி வைப்பது உகந்த தீர்வாகாது, எதிர்பார்க்கும் இழப்பைத்தான் ஒரு வரம்புக்குள் வைத்திருக்க வேண்டும் என்பதை நெதர்லாந்தின் பொருளாதார ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கரெல் ஐகன்ராம் 2006இல் காட்டினார். அதற்கடுத்த சிக்கல், ஒரு பகுதியைச் சூழ்ந்த கரை முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பது. பத்துத் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து உயரங்களில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஒரே ஒரு முடிவுக்கே 97 லட்சத்துக்கு மேற்பட்ட சேர்க்கைகள் வரும். எந்தெந்த ஆண்டில் என்பதையும் சேர்த்தால், ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடிப்பது எந்தக் கணினிக்கும் ஆகாத காரியம். ரூட் பிரெகெல்மான்ஸ், டிக் டென் ஹெர்டோக், கீஸ் ரோஸ் ஆகிய கணிதவியலாளர்கள் ஐகன்ராமோடு சேர்ந்து, சேர்க்கைகளைப் பெருமளவில் பார்க்காமலே கழித்துக்கட்டும் வழிகளைக் கொண்டு இதைத் தீர்த்தார்கள்.

அவர்களுடைய வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், 2008இல், இரண்டாவது டெல்டா குழு ஒரு பரிந்துரை தந்தது. 1953க்குப் பிறகு மக்களும் செல்வமும் பெருகிவிட்டதால் நாடு முழுவதும் பாதுகாப்பு அளவைக் குறைந்தது பத்து மடங்கு உயர்த்த வேண்டும் என்றது. மதிப்பிட்ட செலவு 1,150 கோடி யூரோ. எல்லாருக்கும் ஒரே மடங்கு என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஐகன்ராமும் கணிதவியலாளர்களும் போட்ட கணக்கோ வேறு விதமாகச் சொன்னது. அளவை உயர்த்துவதால் உண்மையில் பலன் கிடைப்பது மூன்று வட்டாரங்களில்தான்: ரைன்-மாஸ் ஆற்றோரம், ராட்டர்டாம்-டோர்ட்ரெக்ட் பக்கத்தின் சில பகுதிகள், அல்மீர் நகரம். ஆற்றோர நிலங்கள் கிண்ணம் போலக் கரைகளுக்கு நடுவே தாழ்ந்து கிடப்பவை. உடைந்தால் நீர் மீட்டர் கணக்கில் நிற்கும். 1995இல் அங்கிருந்து ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்ற வேண்டியிருந்தது. அல்மீரில் முதல் குடிகள் ஏறியதே 1976இல்தான். கடலடியாக இருந்து மீட்ட அந்த நிலத்தில் இன்று இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள். இந்த மூன்று வட்டாரங்களில் மட்டும் அளவை உயர்த்தினால், பத்து மடங்குத் திட்டத்தோடு ஒப்பிடும்போது மிச்சம் ஏறத்தாழ 780 கோடி யூரோ.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். உயிருக்கு விலை போடுகிறீர்களே என்பது முதலில் எழும் கேள்வி. போட்டார்கள்தான். வெள்ளத்தில் போகும் ஓர் உயிரைக் காப்பதற்குச் சமூகம் செலவிடத் தயாராக இருக்கும் தொகையாக ஏறத்தாழ 67 லட்சம் யூரோ கணக்கில் ஏறியது. இது கூசச் செய்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் இந்த எண்ணைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் உயிரின் இடத்தில் பூஜ்யம்தான் நிற்கும். கணக்கே வேண்டாம் என்றாலும் எந்தக் கரைக்கு எவ்வளவு பணம் என்று யாரோ ஒருவர் முடிவெடுக்கத்தான் போகிறார். அந்த முடிவுக்குள்ளும் ஒரு விலை மறைந்திருக்கும், ஒரே நாட்டில் ஓர் ஊருக்கு ஒன்றும் அடுத்த ஊருக்கு வேறொன்றுமாக. எழுதி வைத்த எண்ணை எவரும் எதிர்த்துப் பேசலாம், திருத்தச் சொல்லலாம். எழுதாத எண்ணிடம் யார் போய் வழக்காடுவது?

இரண்டாவது வாதம் இதைவிடக் கனமானது. சொத்து அதிகமுள்ள இடத்தில் உயரமான கரை, நாலு குடும்பம் வாழும் ஊரில் தாழ்ந்த கரை என்று ஆகிவிடாதா? செலவையும் இழப்பையும் மட்டும் பார்த்தால் நிச்சயம் ஆகும். நெதர்லாந்துக்காரர்கள் இதைக் கணிதத்தின் தலையில் கட்டாமல், கணிதத்துக்குள்ளேயே ஒரு நிபந்தனையாகச் சேர்த்தார்கள். கரைக்குப் பின்னால் வாழும் எவருக்கும், அவர் பணக்காரரோ ஏழையோ, வெள்ளத்தில் இறக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு ஒரு லட்சத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்பதே அது. இந்த அடிப்படைப் பாதுகாப்பும் பொருளாதாரக் கணக்கும் தரும் விடைகளில் எது கடுமையானதோ அதுவே அளவாக எடுத்துக்கொள்ளப்பட்டது. எல்லாருக்கும் பத்து மடங்கு என்ற திட்டத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தத் திட்டத்தில் 1,250இல் ஒன்று என்றிருந்த ஆற்றோரம் 12,500இல் ஒன்றாகும், பத்தாயிரத்தில் ஒன்று என்றிருந்த கடற்கரை லட்சத்தில் ஒன்றாகும். எட்டு மடங்கு இடைவெளி அப்படியே நீடிக்கும். சமமாகப் பெருக்குவது ஏற்கெனவே இருக்கும் ஏற்றத்தாழ்வையும் சேர்த்துத்தான் பெருக்குகிறது. குறைந்த பாதுகாப்போடு இருந்த ஆற்றோர மக்களுக்காகப் பேசியது, இரக்கமற்றது என்று நாம் நினைக்கும் கணக்குதான்.

எதிர்காலம் யாருக்குத் தெரியும் என்பது மூன்றாவது வாதம். சில பத்தாண்டு அளவீடுகளை வைத்துப் பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் புயலைச் சொல்வது துணிச்சல்தான். கடல் எவ்வளவு வேகமாக ஏறும் என்பதும் உறுதியில்லை. இதனால்தான் ஆய்வாளர்கள் ஒரே ஒரு விடையோடு நிறுத்தாமல், உறுதியற்ற எண்களையெல்லாம் மாற்றி மாற்றிப் போட்டு, மான்டி கார்லோ முறையில் மறுபடி மறுபடி கணக்கிட்டார்கள். எண்கள் அசைந்தபோதும் அந்த மூன்று வட்டாரங்கள் மாறவில்லை. துல்லியமான உயரத்தைவிட எந்த இடம் முதலில் என்ற வரிசை உறுதியானது, முடிவெடுப்பவருக்கு முதலில் தேவைப்படுவதும் அந்த வரிசைதான். இருந்தாலும் மாதிரியில் இல்லாத ஒன்றைக் கணக்கு காட்டாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கரையின் அடியில் நீர் ஊறி மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போகும் ஆபத்து, எதிர்பார்த்ததைவிடப் பெரியது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. அதற்கு உயர்த்துவது மருந்தாகாது, அகலப்படுத்த வேண்டும். மண்ணைத் தோண்டிப் பார்க்கும் பொறியாளர் இல்லாமல் கணிதவியலாளரால் இதை அறிந்திருக்க முடியாது.

புதிய அளவுகள் 2017 ஜனவரி 1 முதல் சட்டமாக நடைமுறையில் இருக்கின்றன. நாடு முழுமைக்கும் ஒரே எண் கிடையாது. கரைத் துண்டுக்குத் துண்டு, 300இல் ஒன்று முதல் ஒரு லட்சத்தில் ஒன்று வரை மாறுகிறது. அணுமின் நிலையம் இருக்கும் போர்செல்லுக்கு மட்டும் பத்து லட்சத்தில் ஒன்று. கரைகளை 12 ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும், 2050க்குள் எல்லா முதன்மைக் கரைகளும் இந்த அளவை எட்டியாக வேண்டும்.