பவளத்தின்மேல் படரும் பாசி

மழை ஓய்ந்து கண்மாயில் நீர் நிலைத்து, சுற்றியுள்ள வயல்களில் இட்ட யூரியாவின் மிச்சம் வாய்க்கால் வழியே வந்து சேர்ந்த சில வாரங்களுக்குள் நீர்ப்பரப்பு முழுவதும் பச்சை படிந்துவிடுவதை, விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணற்றிலும் அதன் சுற்றுக் கிராமங்களிலும் வளர்ந்தவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சமுத்திரத்தின் ஒரு துண்டைக் கண்ணாடிக்குள் அடைத்து, அதில் பவளத்தையும் வர்ணமீன்களையும் வாழவைக்க ஆசைப்படுகிற பட்டணவாசி, அதே பச்சை தம் வரவேற்பறைத் தொட்டியில் தோன்றியதும், அது எங்கிருந்தோ வந்து தொற்றிய வியாதியென்று எண்ணி, மருந்து கேட்டு மீன்கடைக்கு ஓடுகிறார். கடைக்காரரும் ஒரு புட்டியை எடுத்துக் கொடுக்கிறார். பாசி கரைகிறது, கரைந்த பாசியே உரமாகிறது, அந்த உரத்தில் அடுத்த பாசி முன்னிலும் செழிப்பாக முளைக்கிறது.

இதன் காரணத்தை அறியப் பவளத்தின் இயல்பைச் சற்று அறிய வேண்டும். பவளப்பாறைகள் செழித்திருக்கும் வெப்பமண்டலக் கடல்நீர், பார்வைக்கு நீலமணிபோல் ஜொலித்தாலும், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறக்குறைய இல்லாத தரித்திரமான நீர். இத்தனை வறிய நீரில் இத்தனை ஜீவராசிகள் எவ்வாறு பிழைக்கின்றன என்ற கேள்விக்கு விடை பவளப்பூச்சியின் சதைக்குள்ளேயே இருக்கிறது. அங்கே குடியிருக்கும் ஓரணுப் பாசி, சூரிய ஒளியைக்கொண்டு சர்க்கரை சமைத்துப் பூச்சிக்கு அளிக்க, பூச்சி தன் கழிவை அதற்கு உரமாகத் தருகிறது. கொடுக்கல் வாங்கல் முழுவதும் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுவதால் வெளியே சிந்துவது சொற்பம். அந்தச் சிக்கனமான குடும்பத்தைத் தொட்டியில் வைத்து, மீன்களுக்கு வேளைதோறும் தீனியை வாரி இறைத்து, மேலே பிரகாசமான விளக்கையும் ஏற்றிவிட்டால், உள்ளே குடியிருக்கும் பாசிக்காக ஏற்றிய விளக்கின் கீழ் வெளியே காத்திருக்கும் பாசியும் கொழுக்கும் என்பதில் ஆச்சரியமில்லை.

புதிய தொட்டியில் முதலில் படிவது பழுப்புத் தூள். டையாட்டம் என்னும் நுண்பாசியாகிய அது, நீரிலுள்ள சிலிகேட் தீர்ந்ததும் தானே அடங்கிவிடும். அதற்காகப் பதறுவது வீண். அடுத்து வரும் பச்சை மயிர்ப்பாசிதான் வளர்ப்போரைப் படாத பாடு படுத்துவது. அதைத் தொட்டிக்குள்ளேயே சுரண்டுகிறவர் துணுக்குகளை நான்கு திசைக்கும் விதைக்கிறார். கல்லை வெளியே எடுத்து, தொட்டி நீரையே நிரப்பிய வாளியில் அமிழ்த்தி, பழைய பல்துலக்கும் பிரஷால் வேரோடு தேய்த்து, வேறொரு வாளியில் அலசித் திரும்ப வைப்பதே முறை. அழுக்கு வாளியின் நீரை மறந்தும் தொட்டியில் ஊற்றலாகாது. கண்ணாடிக் குண்டுமணிபோல் உருண்டு நிற்கும் வலோனியா என்னும் பாசியை உடையாமல் அடியோடு பெயர்த்தெடுக்க வேண்டும். செந்நிறத்தில் வழுவழுப்பாகப் படரும் மற்றொன்று பாசியே அன்று, ஒளியில் உணவு சமைக்கும் பாக்டீரியா.

கைவேலை முடிந்தபின் கணக்குவேலை. நம் மாவட்டத்துப் போர் தண்ணீர் எத்தனை உப்பும் சுண்ணாம்பும் கரைந்தது என்பது சமையல் பாத்திரத்தைக் கேட்டாலே தெரியும்; அதில் செயற்கைக் கடலுப்பைக் கலந்து தொட்டியை நிரப்புவது, களையை ஒரு கையால் பிடுங்கி மறு கையால் விதைப்பதாகும். குடிப்பதற்குப் போதுமான ஆர்.ஓ. நீரும் இங்கே முழுவதும் போதாது. அதில் எஞ்சியிருக்கும் தாதுக்களையும் பிசின் வடிகட்டியால் நீக்கி, டி.டி.எஸ். கருவி பூஜ்யம் காட்டும் நீரே வேண்டும். உறைந்த இறாலைத் தீனியாக இடுவோர் அது உருகிய நீரைக் கொட்டிவிடுவது நன்று, பாஸ்பேட் அதிலும் உண்டு. நுரையோடு கழிவை வெளியேற்றும் ஸ்கிம்மர், பாஸ்பேட்டை ஈர்த்துக்கொள்ளும் இரும்பு ஆக்ஸைடு மணிகள், அடித்தொட்டியில் தனி விளக்கின் கீழ் கீட்டோமார்பா என்னும் பாசியை வளர்த்து அவ்வப்போது அறுத்தெறிவது ஆகியவை உதவும் உபாயங்கள். இவற்றுள் கடைசியதே எனக்கு மிகவும் பிடித்தமானது. வளர்வதைத் தடுக்க முடியாத இடத்தில், வளரும் இடத்தை நாமே குறித்துக் கொடுக்கும் சாதுர்யம் அதில் இருக்கிறது.

ஓர் ஏமாற்றத்தையும் குறிப்பிட வேண்டும். பாசி மண்டிய தொட்டியின் நீரைச் சோதித்தால் பாஸ்பேட் இல்லையென்றே பெரும்பாலும் விடை வரும். இல்லாமலில்லை, வந்ததையெல்லாம் பாசி விழுங்கிவிட்டது. அந்தச் சோதனையை நம்பித் தீனியைக் கூட்டுகிறவரும் உண்டு. இதற்கு நேர்மாறாக, போஷணை சிறிதுமில்லாதபடி நீரைத் துடைத்தெடுத்துவிட்டால், போட்டியின்றி டைனோஃபிளாஜெலேட் என்னும் வேறொரு நுண்ணுயிர் பழுப்புச் சளியாகக் கிளம்பிப் பவளத்தை வாட்டும்.

நீர் எத்தனை சுத்தமானாலும், மேய்வதற்கு வாய் இல்லாத இடத்தில் பாசி அடங்காது. டர்போ நத்தையும் கடல்முள்ளெலியும் தாவரபட்சிணியான மீன்களும் பவளத்தொட்டிக்கு அலங்காரமல்ல. 1983இல் கரீபியன் கடலில் ஒரு கொள்ளைநோய் பரவி, நீண்ட முட்களையுடைய டயடெமா என்னும் முள்ளெலிகளை ஏறக்குறைய முற்றும் அழித்தது. பாசி தின்னும் மீன்களை ஜமெய்க்காவின் மீனவர் அதற்கு முன்பே பிடித்துத் தீர்த்திருந்தனர். விளைவாக, 1970களின் இறுதியில் நூற்றுக்கு ஐம்பது பங்கு பவளம் மூடியிருந்த அத்தீவின் பாறைகளில் 1990களின் தொடக்கத்தில் ஐந்து பங்குகூட மிஞ்சவில்லை. எஞ்சிய இடம் பாசியின் ராஜ்யமாயிற்று.

நமக்கு மிக அண்மையிலுள்ள பவளம் மன்னார் வளைகுடாவினது. தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. பவளப்பூச்சிகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமான ஸ்தானத்தில் இருப்பதால், அங்கிருந்து தொட்டிக்கென்று ஒரு கல்லைப் பெயர்ப்பதும் குற்றம். நம் மாவட்டத்தின் மழைநீர், குண்டாற்றின் வழியேயும் வைப்பாற்றின் வழியேயும், கண்மாய்களில் தங்கியது போக, அந்த வளைகுடாவையே சேர்கிறது. கடற்கரையோர் பூங்கோரை என்றழைக்கும் நுண்ணுயிர்ப் பெருக்கம் 2019 செப்டம்பரில் மண்டபத்துப் பக்கத்துக் கடலைப் பச்சையாக்கி மீன்களை மடியச் செய்தது. 2016இன் வெப்பத்தால் பவளம் வெளுத்தபோது, நூற்றுக்கு 39 அளவிலிருந்த உயிர்ப்பவளப் பரப்பு 23 அளவுக்குக் குறைந்ததாகத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் கணக்கிட்டனர். இறந்த பவளத்தில் முதலில் குடியேறுவது பாசியே.

ஆயினும் அவ்வளைகுடாவில் மனிதர் பவளத்தின்மேலிருந்து கையால் பாசி பிடுங்க நேர்ந்த கதை வேறு. ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் குழைவைத் தரும் காராஜீனன் என்னும் பொருளுக்காக, பிலிப்பைன்ஸைத் தாயகமாகக் கொண்ட கப்பாபைகஸ் அல்வரேசி என்னும் செம்பாசியை மத்திய அரசின் உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிலையம் 1980களில் குஜராத் கரைக்குக் கொண்டுவந்து, பின்னர் மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தது. 2000ஆம் ஆண்டையொட்டிப் பெப்சி நிறுவனம் பாக் விரிகுடாப் பகுதியில் அதை வியாபாரப் பயிராக்கியது. மூங்கிலைச் சதுரமாகக் கட்டிய மிதவையில் கயிறுகளை இழுத்து, கயிறு நெடுகிலும் பாசித்துண்டுகளை முடிந்து கடலில் விட்டால், நாற்பத்தைந்து நாளில் இட்டதற்கு நான்கு பங்காக அறுக்கலாம். கரையோரப் பெண்கள் பலருக்கு அது கைக்காசாயிற்று. மிதவையின் அடியில் அவர்கள் ஒரு பழைய வலையையும் கட்டுகின்றனர். ஒடிந்த துண்டு நழுவிப் போகாமலிருக்கவும், ஓரா முதலான மீன்கள் மேய்ந்துவிடாமலிருக்கவுமே அது.

நழுவியது நழுவியதுதான். சாகுபடியைப் பாக் விரிகுடாவுக்கு வடக்கிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டும் நிறுத்திக்கொள்ள வேண்டுமென்று தமிழக அரசு 2005 டிசம்பரில் ஆணையிட்டது. பாம்பனுக்குத் தெற்கேயுள்ள குருசடைத் தீவில் அப்பாசி உயிர்ப்பவளத்தின்மேல் படர்ந்திருப்பதை மதுரை ஆய்வாளர்கள் 2008இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் அறிவித்தனர். கிளைத்து நிற்கும் மான்கொம்புப் பவளத்தின் இடுக்குகளில் அது கிளையோடு கிளையாக ஒட்டிக்கொண்டு, கம்பளமாக மூடி, ஒளியையும் நீரோட்டத்தையும் மறைத்துப் பவளத்தை மூச்சுமுட்டச் செய்கிறது. வனத்துறையினர் ஆட்களை இறக்கிக் கையால் பிடுங்கினர்; இடுக்கில் விரல்நுனி அளவு மிஞ்சியதிலிருந்தும் மறுபடி தழைத்தது. பின்னர் முள்ளித் தீவு, சிங்கில் தீவு ஆகியவற்றிலும் அது காணப்பட்டது.

1974இல் இதே பாசியை ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கனேயோஹே விரிகுடாவில் விட்டவர்கள் நமக்கு முன்னதாகவே இந்தத் தொல்லையை அனுபவித்தனர். அங்கே முக்குளிப்போர் பிடுங்கும் பாசியைப் படகில் ஏற்றிய உறிஞ்சுபம்பு, துணுக்கு சிதறாமல் உடனுக்குடன் மேலே இழுத்துக்கொள்கிறது. சேர்ந்த பாசி விவசாயிகளுக்கு உரமாகிறது. அத்தோடு விட்டிருந்தால் அது குருசடையின் கதையாகவே முடிந்திருக்கும். 2011 முதல், அக்கடலில் இயல்பாக வாழும் முள்ளெலியின் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் இலட்சக்கணக்கில் வளர்த்து, துடைத்த பாறைகளின்மேல் விட்டு, மிஞ்சிய துளிரை மேயச் செய்துவருகின்றனர்.

இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டினர். இத்தொழிலையே நிறுத்த வேண்டுமென்பது என் கட்சியன்று. பாறையில் கை கிழிய மரிக்கொழுந்துப் பாசி பறித்த பெண்களுக்கு மிதவை சற்றே சுலபமான ஜீவனம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் மரிக்கொழுந்தையும் கஞ்சிப்பாசியையும் மிதவையில் வளர்க்கும் முறைகளை மண்டபத்து விஞ்ஞானிகளே வகுத்து வைத்திருக்கிறார்கள். இரண்டும் இந்தக் கடலிலேயே பிறந்தவை, இங்குள்ள மீன்களுக்குப் பழகிய மேய்ச்சல். கப்பாபைகஸைப் போல விரைவில் அவை விளைவதில்லை, விலையும் வேறு. அந்த வித்தியாசத்தை அப்பெண்களின் தலையில் சுமத்தாமல் அரசாங்கம் ஏற்குமானால், குருசடையின் பவளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் கூலியில் ஒரு பகுதியாவது மிஞ்சும் என்று தோன்றுகிறது.