ஒரு காகிதம் இருந்தால் கல்லூரி!

சங்கராபுரத்துக்கு மேற்கே கல்வராயன் மலை. மலைமேல் வெள்ளிமலை என்ற ஊர். அதைச் சுற்றிலும் சின்னச் சின்ன கிராமங்கள். சாமையும் மரவள்ளிக் கிழங்கும் விளையும் பூமி.

இங்கே வாழ்பவர்கள் "மலையாளி" என்ற பழங்குடி மக்கள். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம்! இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சீபுரத்தில் இருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிக் கொள்கிறார்கள்.

இவர்களுடைய பிள்ளைகள் இப்போது பெரிய படிப்புக்குப் போகிறார்கள். இதே மலையின் சேலம் பக்கத்தில் இருக்கிறது கருமந்துறை. அங்குள்ள மாணவி ஒருவருக்கு 2025-ம் ஆண்டில் சென்னை ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. அவர் படித்தது அரசாங்க உண்டு உறைவிடப் பள்ளியில்!

சலுகை உண்டு

தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு 1 சதவீத இடம் 1990-ல் தனியாக ஒதுக்கப்பட்டது. கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகையும் உண்டு. அரசாங்கப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2022-ல் வந்தது. பையன்களுக்கு 2024-ல் வந்தது.

ஆனால் பழங்குடியினருக்கு உரிய இடமும் உதவித்தொகையும் கிடைக்க ஒரு காகிதம் வேண்டும். அதுதான் சாதிச் சான்றிதழ். அது இல்லாவிட்டால், மலையில் பிறந்த பிள்ளையும் பொதுப் பிரிவில்தான் போட்டி போட வேண்டும்.

பழங்குடியினருக்குத் தாசில்தார் சான்றிதழ் கொடுக்க முடியாது. ஆர்.டி.ஓ. விசாரித்துக் கொடுக்க வேண்டும்.

ஏன் இந்தக் கெடுபிடி? மராட்டிய மாநிலத்தில் அக்காள், தங்கை இருவர் பழங்குடியினர் என்று சான்றிதழ் காட்டி மருத்துவப் படிப்பில் சேர்ந்தார்கள். அது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1994-ல் தீர்ப்புச் சொன்னது. நன்றாக விசாரித்த பிறகே கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

நியாயமான உத்தரவுதான். ஆனால் திருடனுக்காகப் போட்ட பூட்டு, சில சமயம் வீட்டுக்காரரையும் வெளியே நிறுத்திவிடுகிறது! மலையாளிகள் பெயரோடு "கவுண்டர்" என்று சேர்ப்பது உண்டு. சமவெளியிலும் கவுண்டர்கள் இருக்கிறார்கள். தகப்பனாரின் பழைய பத்திரத்தில் "கவுண்டர்" என்று மட்டும் இருந்தால், அங்கேயே சந்தேகம் வந்துவிடும்.

ஒரே இனம், இரண்டு நீதி

இன்னொரு வேடிக்கை. 1976-ம் ஆண்டுப் பட்டியலில் மலையாளிகளை எல்லா இடத்திலும் பழங்குடியினர் என்று சொல்லவில்லை. தர்மபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், திருச்சி, புதுக்கோட்டை ஆகிய 6 மாவட்டங்களில் மட்டும் என்று சொன்னார்கள்.

சங்கராபுரம் அப்போது தென் ஆற்காட்டில் இருந்தது. 1993-ல் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போயிற்று. 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆயிற்று. பெயர் மாறினாலும் உரிமை போகவில்லை.

ஈரோடு பக்கம் பர்கூர் மலையிலும் மலையாளிகள் இருக்கிறார்கள். அது அந்தக் காலத்தில் கோயமுத்தூர் மாவட்டம். பட்டியலில் கோயமுத்தூர் இல்லை! அதனால் அங்குள்ள பிள்ளைகளுக்குப் பழங்குடிச் சான்றிதழ் இல்லை. தங்களையும் சேர்க்க வேண்டும் என்று அவர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள்.

எப்போது வாங்குவது?

பிளஸ் 2 முடிவு வந்த பிறகு சான்றிதழுக்கு அலைபவர்கள் உண்டு. விசாரணை முடிவதற்குள் கல்லூரியில் சேரும் நாள் போய்விடும். ஒரு வருடம் வீண்!

பிள்ளை பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வாங்கிவிடலாம். இ-சேவை மையத்தில் மனுப் போடலாம். தகப்பனாருக்கோ, கூடப் பிறந்தவர்களுக்கோ சான்றிதழ் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

சாதிச் சான்றிதழை ஒரு தடவை வாங்கினால் போதும். உதவித்தொகைக்குக் கேட்கும் வருமானச் சான்றிதழை மட்டும், காலம் முடிந்ததும் புதிதாக வாங்க வேண்டும்.