'ஃபிராங்க்லி'ன்னா யாரு சார்?

ஒன்பதாம் வகுப்பில் செயப்பாட்டுவினை நடத்தி முடித்து, "புரிந்ததா?" என்று கேட்டேன். "யெஸ் சார்" என்று வகுப்பே சொன்னது. நோட்டுகளைப் பார்த்தால் பாதிப் பேர் எழுதவே ஆரம்பிக்கவில்லை. முன்வரிசை மாணவனிடம், "டெல் மீ ஃபிராங்க்லி, புரிஞ்சுதா இல்லையா?" என்றேன். அவன் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஃபிராங்க்லின்னா யாரு சார்?"

எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. 'குட் மார்னிங்', 'தேங்க் யூ', 'மே ஐ கம் இன்' எல்லாம் முதல் வகுப்பிலிருந்தே சொல்லித் தருகிறோம். 'எனக்குப் புரியவில்லை', 'தப்பு என்னுடையதுதான்' என்பதை ஆங்கிலத்தில் சொல்ல எந்த வகுப்பில் பழக்கினோம்?

நெய்வேலியில் இது சின்ன விஷயமில்லை. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்த காலத்திலிருந்து பல மாநிலத்தவரும் இந்த நகரியத்துக்கு வந்து வேலை பார்க்கிறார்கள். முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது. நம் பிள்ளைகள் நாளை யாரிடம் வேலை பார்த்தாலும் நடுவில் நிற்கப்போவது ஆங்கிலம்தான். என்னிடம் படித்து, ஐ.டி.ஐ. முடித்து, ஒரு பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்த பையன் சொன்னான். மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் வேகமாக விளக்கிவிட்டு, "கிளியர்?" என்று கேட்டிருக்கிறார். பாதிதான் புரிந்திருக்கிறது. இவன் "யெஸ் சார்" என்றுவிட்டுத் தவறான ஸ்விட்சைப் போட்டிருக்கிறான். நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. ஒரு மோட்டார் புகைந்ததோடு போயிற்று. "ஸ்கூல்ல நீங்க கேட்டாலும் யெஸ்தானே சார் சொல்வோம்" என்றான். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதன்பிறகு இந்தச் சொற்களுக்கென்றே சில பாடவேளைகளை ஒதுக்கினேன். முதலில் 'ஃபிராங்க்'. ஃபிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தார் இன்றைய பிரான்ஸை வென்று ஆண்டார்கள். அந்த நாட்டின் பெயரே அவர்களால் வந்ததுதான். அங்கே முழு உரிமை பெற்றிருந்தவர்கள் அவர்கள் என்பதால், இனத்தின் பெயரே 'சுதந்திரமானவன்' என்ற பொருளுக்கு வந்தது. கட்டணமில்லாமல் கடிதம் அனுப்பும் உரிமைக்கும் இந்தச் சொல்லே பெயரானது. அஞ்சலகத்தில் 'ஃபிராங்கிங் மெஷின்' என்கிறோமே, அது அந்த வழியில் வந்தது. ஆக, ஃபிராங்காகப் பேச முதலில் பயமில்லாமல் இருக்க வேண்டும். இதைக் கரும்பலகையில் எழுதும்போது, என் மேசைமேல் கிடந்த பிரம்பு கண்ணில் பட்டது. எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

'கேண்டிட்' என்பதற்கு லத்தீன் மூலத்தில் வெண்மை என்று பொருள். பண்டைய ரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் சுண்ணக்கட்டி தேய்த்து வெளுப்பாக்கிய மேலாடை அணிந்து ஓட்டுக் கேட்டார்கள். 'கேண்டிடேட்' அங்கே பிறந்தது. (வெள்ளை வேட்டி நம் ஊர்க் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன்.) நாமும் 'வெள்ளை மனசு', 'வெள்ளந்தி' என்கிறோம். இந்த ஒப்புமையைச் சொன்னால் மாணவர்கள் சொல்லை மறப்பதில்லை.

'பிளண்ட்' வேறு ரகம். மழுங்கிய கத்தியைக் குறிக்கும் அதே சொல். தமிழில் ஒளிவுமறைவு இல்லாதவரை 'வெட்டு ஒன்று துண்டு இரண்டு' என்று கூர்மையை வைத்துச் சொல்கிறோம். ஆங்கிலமோ முனை மழுங்கியதை எடுத்துக்கொண்டது. ஒருவரை 'ஃபிராங்க்' என்றால் பாராட்டு. 'பிளண்ட்' என்றால், உண்மைதான் சொல்கிறார், ஆனால் முகத்தில் அடித்தாற்போல் சொல்கிறார் என்ற குறையும் அதில் சேர்ந்திருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல், தலைமையாசிரியரைப் பாராட்டுவதாக நினைத்து ஆண்டுவிழா மேடையில் 'பிளண்ட்' என்று பேசியவரை நானறிவேன்.

மரபுத்தொடர்களுக்கு வருவோம். 'டோன்ட் பீட் அபவுட் த புஷ்' பறவை வேட்டையிலிருந்து வந்தது. புதரைச் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டிருந்தால் பறவை எப்போது கையில் கிடைப்பது? நமக்கு அது 'சுற்றி வளைக்காதே'. 'மின்ஸ்' என்றால் இறைச்சியைப் பொடியாகக் கொத்துவது. 'டோன்ட் மின்ஸ் வேர்ட்ஸ்' என்பதற்கு 'மென்று விழுங்காமல் சொல்' என்பதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. அவர்கள் சொல்லைக் கொத்துகிறார்கள், நாம் மெல்லுகிறோம்.

'கால் எ ஸ்பேட் எ ஸ்பேட்' ஒரு மொழிபெயர்ப்புப் பிழையில் பிறந்தது. கிரேக்கத்தில் இருந்தது அத்தியை அத்தி என்பதும் தொட்டியைத் தொட்டி என்பதும்தான். எராஸ்மஸ் அதை லத்தீனில் தந்தபோது தொட்டி மண்வெட்டியாகிவிட்டது. 1542இல் நிக்கோலஸ் உடால் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். மண்வெட்டியைப் பார்த்து வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது உடனே பிடித்துப்போகிறது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. அமெரிக்காவில் 'ஸ்பேட்' பின்னாளில் கறுப்பின மக்களை இழிவாகக் குறிக்கும் சொல்லாகவும் ஆனதால், அங்கே பலர் இத்தொடரைத் தவிர்க்கிறார்கள். மேல்வகுப்புகளில் இதையும் சொல்லிவிட வேண்டும்.

'சின்சியர்' என்றால் 'மெழுகு இல்லாமல்', அதாவது விரிசலை மெழுகால் மறைக்காத சிலை என்ற கதையை பி.எட். படிக்கும்போது கேட்டேன். பல வருடம் அதையே நடத்தினேன். அழகான கதைதான், ஆனால் அகராதியாளர்கள் ஏற்பதில்லை. நேர்மை பற்றிய சொல்லுக்கே பொய்க்கதை சொல்லியிருக்கிறேன். வகுப்பில் அதை ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்வதற்கு 'கம் கிளீன்' என்ற தொடர் இருப்பதை அன்றே சொல்லிக்கொடுத்தேன்.

'டு பி ஹானஸ்ட்' என்பதை வாக்கியத்துக்கு ஒருமுறை போடும் பழக்கத்தை மட்டும் ஊக்குவிக்க வேண்டாம். அப்படியானால் இதுவரை பேசியதெல்லாம் என்ன என்று கேட்கத் தோன்றும்.

தொடக்க வகுப்புகளுக்கு இத்தனை வேண்டாம். 'ஐ டோன்ட் நோ', 'ப்ளீஸ் டெல் மீ அகெய்ன்' இரண்டும் போதும். சொன்ன குழந்தையைத் திட்டாமல் இருந்தால் சரி. என் வகுப்பில் 'ஐ டிடின்ட் ஃபாலோ', 'ஐ டோன்ட் அக்ரீ', 'இட் வாஸ் மை மிஸ்டேக்' ஆகிய மூன்றும் கரும்பலகை ஓரத்தில் எப்போதும் இருக்கும். வாரம் ஒருமுறையாவது ஆளுக்கொன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. 'புரிந்ததா?' என்று கேட்பதை நானும் விட்டுவிட்டு, 'எந்த வரி புரியவில்லை?' என்று கேட்கத் தொடங்கினேன். மெல்லப் பேச்சு வந்தது.

போன வாரம் கடைசி பெஞ்சு மாணவி எழுந்து, "சார், யுவர் ஹேண்ட்ரைட்டிங் இஸ் நாட் கிளியர்" என்றாள். வகுப்பு கப்சிப்பென்று ஆனது. பலகையை அழித்துவிட்டுப் பெரிதாக எழுதினேன்.