பெரும்பாணாற்றுப்படை காட்டும் இல்லத்து அரிசிக் கள்: வெப்பநிலை நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பைப் பாடும் பகுதியில் அரிசிக் கள் ஆக்கும் முறையைப் படிப்படியாகக் கூறுகிறது. வெப்பநாட்டில் வீட்டளவில் நொதிபானம் ஆக்குவோர்க்கு முதற்சிக்கல் வெம்மையே. அச்சிக்கலை இம்முறை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை நொதித்தல் அறிவியலின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. ‘அடை’, ‘வெந்நீர்’, ‘வழைச்சு’ ஆகிய சொற்களின் பொருள்கோளுக்கு அவ்விளக்கம் எந்த அளவு உதவும் என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பெரும்பாணாற்றுப்படை, தோப்பி, அரியல், பிழா, நொதித்தல், வெப்பநிலை.

முன்னுரை

சங்க இலக்கியத்தில் கள், நறவு, தேறல், மட்டு, அரியல், பிழி, தோப்பி எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. இவற்றையெல்லாம் பனங்கள், தென்னங்கள் என்ற ஒற்றைப் பொருளில் கொள்ளும் போக்கு ஆய்வுரைகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் இன்றும் காணப்படுகிறது. இப்போக்கு ஒரு முதன்மையான வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. பனஞ்சாற்றில் சர்க்கரை இயல்பாகவே உண்டு. பாளையைச் சீவிக் கலயத்தில் பிடித்த அன்றே அது தானாகப் புளிக்கத் தொடங்கும். அரிசியில் இருப்பதோ மாவுச்சத்து. அதைச் சர்க்கரையாக மாற்றிய பின்னரே ஈஸ்ட் அதனை எத்தனாலாக மாற்ற இயலும். ஆகவே அரிசிக் கள்ளை ஆக்கமுறையால் பீருக்கு உறவாகக் கொள்வதே பொருந்தும்.

பெரும்பாணாற்றுப்படை தோப்பியை ஆநிரை கவர்ந்து மீளும் மறவரோடு தொடர்புபடுத்திப் பாடுகையில், அது வீட்டில் சமைக்கப்பட்டது என்று அடைகொடுத்தே கூறுகிறது. உரைமரபு அதனை நெல்லாற் செய்த கள் என்று விளக்குகிறது. ஆயினும் ஆக்கமுறை அவ்விடத்தில் இல்லை. வலைஞர் பகுதியில்தான் உள்ளது.

நூல் கூறும் முறை

அப்பகுதியின் கருத்தை உரைநடையில் இவ்வாறு தரலாம். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சுகின்றனர். அக்கூழை வாயகன்ற பிழாவில் இட்டு, ஈரம் புலரும்வரை ஆற்றுகின்றனர். பாம்பு வாழும் புற்றினுள் காணப்படும் குரும்பியை ஒத்த ஓர் அடையை அதனுடன் கலக்கின்றனர். இனிமை தோன்றும்படி இரண்டு பகலும் இரண்டு இரவும் விடுகின்றனர். பின்னர் வலிய வாயையுடைய சாடியில் வழைச்சு நீங்கும்படி முதிரவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கின்றனர். சுட்ட மீனோடு அது விருந்தாகிறது.

ஒரு சமையல் குறிப்பின் செறிவு இதில் உள்ளது. அரிசியின் நிலை, கலத்தின் வாய், ஆற்றும் அளவு, காலம், சுவை மாற்றம் என ஒவ்வொன்றும் தனித்தனி அடையால் குறிக்கப்படுகிறது. இவற்றுள் கலத்தின் வாயும் காலமும் வெப்பநிலையோடு நேரடித் தொடர்புடையவை.

பிழாவில் ஆற்றுதல்

காய்ச்சிய கூழைச் சட்டியிலேயே ஆறவிட்டால் என்ன ஆகும்? கெட்டியான கூழில் வெப்பம் பெரும்பாலும் கடத்தலால் மட்டுமே வெளியேறுகிறது. கடத்தலால் ஆறும் காலம் படலத்தின் தடிமனுடைய இருபடிக்கு நேர்விகிதத்தில் அமையும். எனவே 4 செ.மீ. தடிமனில் பரப்பிய கூழைவிட 20 செ.மீ. ஆழச் சட்டியில் இருக்கும் கூழ் ஆற ஏறத்தாழ 25 மடங்கு நேரம் பிடிக்கும். அந்நெடிய இடைவெளியில் கூழ் வெதுவெதுப்பாகவே கிடக்கும். சோறு சமைத்த பின்னும் மடியாத பாக்டீரிய விதைவித்துகள் பெருகுவதற்கு அவ்வெதுவெதுப்பே உகந்த சூழல். சூடு தணியாத கூழில் அடையைக் கலந்தாலும் பயனில்லை. 50 டிகிரி செல்சியசைக் கடந்தால் பெரும்பாலான ஈஸ்ட்டுகள் விரைவில் மடிந்துவிடும்.

வாயகன்ற பிழாவில் பரப்பும்போது இவ்விரு இடர்களும் நீங்குகின்றன. மேற்பரப்பு விரிவதால் நீராவியும் விரைந்து வெளியேறி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. நூல் வெறுமனே ஆற்றியதைக் கூறாமல், ‘புலர்தல்’ என்னும் வினையையும் சேர்த்துக் கூறுவது இங்குக் கருதத்தக்கது. ஈரம் புலர்வதும் சூடு தணிவதும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள்; முன்னது கண்ணுக்குத் தெரியும். வெப்பமானி இல்லாத சமையலறையில் அதுவே அளவுகோலாக இருந்திருக்கும்.

இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. ஜார்க்கண்ட், ஒடிசாப் பகுதிகளில் ஹண்டியா ஆக்குவோர் சோற்றை விரித்து ஆறவைத்த பின்னரே ரானு எனப்படும் நொதியுருண்டையைப் பொடித்துக் கலக்கின்றனர். நாகாலாந்தின் அங்கமி மக்கள் ஸுதோ என்னும் அரிசிப் பானத்திற்கு முளைகட்டிய நெல்லின் மாவைப் பயன்படுத்துகின்றனர்.

அடை எது?

உரைமரபு இவ்வடையை நெல்முளையோடு தொடர்புபடுத்துகிறது. அவ்வாறாயின் இது ஸுதோவைப் போன்றது. முளைக்கும் தானியத்தில் உருவாகும் அமைலேஸ் நொதியே மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது. குரும்பி என்ற உவமையை மட்டும் நோக்கினால் வேறொரு வாசிப்புக்கும் இடமுண்டு. குரும்பி என்பது கறையான் தன் புற்றினுள் பூஞ்சை வளர்க்கும் துளைமிக்க தேனடை போன்ற அமைப்பு. அடையின் புறத்தைப் ‘பூ’ என்னும் அடையால் நூல் சிறப்பிக்கிறது. பூசணம் ‘பூத்தது’ என்று கூறுவது இன்றும் நம் பேச்சுவழக்கு. ஆகவே ரானுவைப் போலப் பூஞ்சை படர்ந்த நொதியுருண்டையாகவும் இது இருக்கலாம் அன்றோ?

இவ்வாய்வாளர் உரைமரபின் பக்கமே சாய்கிறார். குவித்து முளைகட்டிய நெல்லில் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் அது கையில் எடுக்கத்தக்க அடையாகவே இறுகும். துளைகளும் வெண்ணிற வேர்நுனிகளும் குரும்பியை நன்கு நினைவூட்டும். பூத்த புறம் அவ்வேர்நுனிகளுக்கும் பொருந்தும்.

முளைநெல் வாசிப்புக்கு எதிராக ஒரு தடை எழுப்பப்படலாம். ஐரோப்பியப் பீர் ஆக்கத்தில் முளைதானிய மாவை 62 முதல் 68 டிகிரி வரையிலான வெந்நீரில் ஏறத்தாழ ஒருமணி நேரம் ஊறவைத்தே சர்க்கரையாக்குவர். இங்கோ கூழ் ஆறிய பின்னர்தான் அடை சேர்கிறது. இத்தடைக்கு நூல் தரும் கால அளவே விடையாகிறது. அரிசி முன்னரே வெந்து குழைந்திருப்பதால் அதன் மாவுச்சத்து நொதிக்கு எளிதில் இடம்கொடுக்கும். 30 டிகிரியளவில் நொதி மெதுவாகச் செயல்பட்டாலும், ஒருமணி நேரத்துப் பணியை முடிக்க இரண்டு பகலும் இரண்டு இரவும் போதுமானவை. அக்கால அளவை இனிமை தோன்றுதலோடு நூல் இணைத்துக் கூறுவதும் இக்கருத்தை வலுப்படுத்துகிறது.

நொதித்தல் தரும் வெம்மை

நொதித்தல் வெப்பம் உமிழும் வினை. ஒரு கிலோ சர்க்கரை நொதிக்கையில் ஏறத்தாழ 550 முதல் 600 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. 20 லிட்டர் பானத்தில் 2 கிலோ சர்க்கரை நொதிப்பதாகக் கொள்வோம். வெப்பம் சிறிதும் வெளியேறாவிடின் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 14 டிகிரி உயரும். நடைமுறையில் கலத்தின் வழியே பெரும்பகுதி வெளியேறிவிடுவதால் உயர்வு சில டிகிரிகளாகவே நிற்கும். எனினும் சாடியின் உள்ளிருக்கும் பானம் கைக்கு வெதுவெதுப்பாகத் தெரியும்.

‘வெந்நீர்’ என்னும் சொல்லை இப்பின்னணியில் அணுகலாம். கொதிநீரைச் சாடியில் ஊற்றினர் என்று கொண்டால் நொதித்தல் நின்றுவிடும், அப்பொருள் பொருந்தவில்லை. வெம்மைக்கு விருப்பம் என்னும் பொருளைத் தொல்காப்பிய உரியியல் தருவதால் விரும்பத்தக்க நீர் எனக் கொள்ளவும் இடமுண்டு. முதிர்கின்ற சாடியின் இயல்பான வெம்மையையே புலவர் குறித்தார் எனக் கொள்வது மூன்றாவது வாய்ப்பு. செய்முறை விவரங்கள் நிறைந்த ஒரு பகுதியில் இம்மூன்றாவதே இயைபுடையதாகத் தோன்றுகிறது.

பீர் வகைகளுள் ‘ஏல்’ ஈஸ்ட்டுகள் பொதுவாக 18–22 டிகிரியிலும், ‘லாகர்’ ஈஸ்ட்டுகள் 8–12 டிகிரியிலும் நல்ல சுவை தருகின்றன. வெம்மை மிகும்போது கடுமணமுள்ள உயர் ஆல்கஹால்கள் மிகுதியாக உருவாகும். பவேரியாவில் 1553ஆம் ஆண்டின் அரசாணை செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே பீர் வடிக்க இசைவளித்தது. கோடைக்கான பீரை நிலவறையில் பனிக்கட்டியிட்டுக் காத்தனர். அந்நிலவறைகளின் மேல் நிழலுக்காக நட்ட மரங்களின் கீழேயே பின்னாளில் பீர்த்தோட்டங்கள் உருவாயின. கார்ல் வான் லிண்டேயின் குளிரூட்டும் பொறி 1870களில் வந்த பின்னரே கோடைத் தடைக்கான காரணம் முற்றிலும் மறைந்தது.

பொறி வாங்க வசதியில்லாத இன்றைய இல்லத்து வடிப்போர், சட்டம் இசைவளிக்கும் நாடுகளில், எளிய உத்தியொன்றைக் கையாளுகின்றனர். நொதிகலத்தை அகன்ற நீர்த்தொட்டியில் வைத்து, ஈரத்துணி போர்த்தி, விசிறியை ஓடவிடுகின்றனர். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மேற்கண்ட 20 லிட்டர் பானத்தின் நொதிவெப்பம் முழுவதையும் அரை லிட்டர் நீரே கணக்களவில் எடுத்துச் சென்றுவிடும். காற்றிலிருந்தும் வெப்பம் சேர்வதால் உண்மையில் கூடுதல் நீர் செலவாகும். மண்பானை நீர் குளிர்வதும் இவ்வாறே. ஆயினும் இவ்வுத்திக்கு ஓர் எல்லை உண்டு. காற்று 35 டிகிரியிலும் ஈரப்பதம் 50 விழுக்காட்டிலும் இருந்தால் எவ்வளவு விசிறினாலும் ஏறத்தாழ 26 டிகிரிக்குக் கீழே இறங்க இயலாது. ஈரக்காற்று வீசும் குளக்கரை வலைஞர்க்கு இது இன்னும் குறைவாகவே பயன்பட்டிருக்கும்.

புதைத்தலும் மூங்கிலும்

பறம்பு நாட்டைப் பற்றிக் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாடல் (120) நிலத்தில் புதைத்து முதிரவைத்த தேறலைக் குறிக்கிறது. குளிர்ச்சிக்காகவே புதைத்தனர் என்று இதனை எளிதாக விளக்கிவிடலாம். ஆனால் மண்ணின் இயல்பு வேறு. சில மீட்டர் ஆழத்தில் நிலத்தின் வெப்பநிலை அவ்விடத்து ஆண்டுச் சராசரியை ஒட்டியே அமையும். மத்திய ஐரோப்பிய நிலவறைகளில் அது 10 டிகிரியளவு. தமிழகச் சமவெளியிலோ ஏறத்தாழ 28 டிகிரி. புதைத்தலால் கிடைத்த பயன் குளிர்ச்சியைவிட வெப்பநிலையின் நிலைத்தன்மையே எனலாம். பகலிரவு ஏற்றத்தாழ்வு அரை மீட்டர் ஆழத்திலேயே பெரிதும் அடங்கிவிடும். நண்பகல் வெயில் எட்டாது. காற்றும் குறைவாகவே புகும். கள்ளைக் காடியாக்கும் பாக்டீரியத்திற்கு உயிர்வளி இன்றியமையாதது ஆதலால் இரண்டாவது பயன் முதலாவதைவிடக் குறைந்ததன்று. திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் கூறும் மூங்கிற்குழாய்த் தேறலுக்கும் இவ்விளக்கம் ஓரளவு பொருந்தும். மூங்கில் வெப்பத்தை எளிதில் கடத்தாது.

வழைச்சு

வழைச்சு என்பதற்கு இளமை, புதுமை எனப் பொருள் கொள்வர். முதிராத பீரில் அசிட்டால்டிஹைடு மிகுந்து பச்சை ஆப்பிளை ஒத்த மணம் வீசும். ஈஸ்ட் தன் பணியைத் தொடரும்போது அச்சேர்மம் எத்தனாலாக மாறி மணம் மறையும். வழைச்சு அறுதல் என்பது இம்மாற்றத்தையே குறிப்பதாகக் கொள்ளலாம். ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் முதிராப் பீரை ‘இளம்பீர்’, ‘பச்சைப்பீர்’ என்றே அழைப்பதும் ஒப்புநோக்கத்தக்கது.

குளிர்நாட்டில் முதிர்ச்சிக்கு வாரங்கள் வேண்டும். 30 டிகிரியில் அது மிக விரைந்து நிகழும். புளிப்பும் அதே விரைவில் பின்தொடரும். வழைச்சு நீங்கிய நிலைக்கும் புளிப்பேறும் நிலைக்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில் பிழிந்து பருகிவிட வேண்டும். நூலில் இப்பானம் சேமித்து வைக்கப்படாமல் வந்த விருந்தினர்க்கு உடனே வழங்கப்படுவதை இந்நோக்கில் காணலாம்.

இவ்விளக்கங்களுள் அடை பற்றியதும் வெந்நீர் பற்றியதும் செய்முறைச் சோதனையால் உறுதிப்படுத்தத்தக்கவை. தமிழ்நாட்டில் உரிமமின்றி மது ஆக்குதல் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றமாதலின், உரிய இசைவு பெற்ற நொதித்தல் ஆய்வகமொன்றோடு தமிழ்த்துறை இணைந்தே இதனை மேற்கொள்ள இயலும். முளைநெல் அடை ஒன்றும் பூஞ்சை அடை ஒன்றும் கொண்டு, ஒரே அரிசிக் கூழை 30 டிகிரியில் இரண்டு நாள் வைத்துச் சர்க்கரையளவை ஒப்பிடுவதே முதற்சோதனையாக அமையலாம்.