மெற்றோய்கோஸ் என்றொரு சொல்

ஐரோப்பிய வரலாறு படிக்கப் புகுபவருக்கு முதலில் சொல்லித்தரப்படும் சொல் ‘டெமோக்கிரசி’. டெமோஸ் என்றால் மக்கள், கிராத்தோஸ் என்றால் அதிகாரம். அந்த மக்கள் யார்? பெண்களும் அடிமைகளும் கணக்கில் இல்லை என்பது பலரும் அறிந்தது. அதிகம் பேசப்படாதவர் மெற்றோய்கோஸ்: இருப்பிடம் மாறி வந்து குடியிருப்பவர்.

கி.மு. 5ம் நூற்றாண்டு ஏதென்ஸில் இவர் தொழில் செய்யலாம், போருக்கும் போகவேண்டும். வாக்கில்லை. நிலம் வாங்க முடியாது. பிரஜை ஒருவரைப் பொறுப்பாளராகக் காட்டவேண்டும். ஆணுக்கு ஆண்டுக்கு 12 திராக்மா, தனித்து வாழும் பெண்ணுக்கு 6 திராக்மா வரி. கட்டாவிட்டால் அடிமையாக விற்கப்படலாம். (வதிவிட அனுமதிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு மேலதிக விளக்கம் தேவையில்லை.) கி.மு. 451இல் பெரிக்கிளிஸ் கொண்டுவந்த சட்டம், தாய் தந்தை இருவரும் ஏதேனியராக இருந்தாலன்றிப் பிள்ளை பிரஜையாகாது என்றது. ஆக, அந்த மண்ணிலேயே பிறந்த பேரப்பிள்ளையும் மெற்றோய்கோஸ்தான்.

உழைத்துக் காட்டினால் ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்மில் சிலர் சொல்லும்போதெல்லாம் எனக்கு லீசியாஸ் நினைவுக்கு வருவார். தந்தை சிரக்கூசிலிருந்து வந்தவர். கேடயப் பட்டறை வைத்திருந்த செல்வந்தக் குடும்பம். பிளேட்டோவின் ‘குடியரசு’ உரையாடல் நடப்பதே இவர்கள் வீட்டில்தான். கி.மு. 404இல் ‘முப்பதின்மர்’ ஆட்சி சொத்துக்காக லீசியாஸின் சகோதரனைக் கொன்றது. தப்பியோடிய லீசியாஸ் ஜனநாயகவாதிகளுக்குப் பொருளுதவி செய்தார். ஜனநாயகம் மீண்டது. அவருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் தீர்மானமும் வந்தது. நடைமுறைக் குறையொன்றைக் காட்டி அதை இரத்துச் செய்துவிட்டார்கள். தான் காப்பாற்ற உதவிய ஜனநாயகத்தில் கடைசிவரை அவருக்கு வாக்கில்லை.

ரோமின் ‘சிவிஸ்’ வேறு வகை. கி.பி. 212இல் பேரரசன் கரகல்லா, அடிமையல்லாத ஏறக்குறைய எல்லோரையும் பிரஜைகளாக்கினான். வரி கூட்டவே என்று காசியஸ் டியோ எழுதினார். இருக்கட்டும், ஏதென்ஸைவிட இதையே நான் பெரிதாக மதிப்பேன்.

மத்தியகால ஜேர்மன் நகரங்களில், ஓடிவந்த பண்ணையடிமை ஓராண்டும் ஒருநாளும் எவராலும் உரிமை கோரப்படாமல் இருந்துவிட்டால் விடுதலை. விடுதலை மட்டுமே. ‘பூர்கர்’ ஆவதற்குக் கட்டணமும் சத்தியமும், பல இடங்களில் சொத்தும் வேண்டும்.

மறுமலர்ச்சிக்குச் சற்று முந்திய புளோரன்சோ பிரஜையையே அந்நியனாக்கியது. பறையறைந்து விலக்கப்பட்டவருக்கு இத்தாலிய மொழியில் ‘பந்தீத்தோ’ என்று பெயர். அச்சொல் பின்னர் கொள்ளைக்காரனைக் குறிக்கலாயிற்று. 1302இல் விலக்கப்பட்ட கவிஞர் தாந்தே 1321இல் ராவென்னாவில் இறந்தார். அவரது எலும்புகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.