மிளகுக் கொடியும் தேயிலை உலையும்

பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போகும் வீதியில், கெலிஓயாவைச் சுற்றியுள்ள வீட்டுத் தோட்டங்களில் மிளகுக் கொடி பல இடங்களில் கிளிரிசீடியா மரத்தைப் பற்றித்தான் ஏறுகிறது. மத்திய அமெரிக்காவிலிருந்து தோட்டப் பயிர்களுக்கு நிழல் தர வந்த மரம் இது. கொடிக்கு வெயில் பட வேண்டுமானால் வருடத்தில் இரண்டு மூன்று தடவை கிளைகளை வெட்டியே ஆக வேண்டும். இலை ஆடுமாடுகளுக்கு; மிஞ்சுவது மரத்தடியில் நைதரசன் உரம். கம்புதான் பல வீடுகளில் வேலியோரம் கிடந்து உக்கிப்போகிறது.

அதே மலைச்சரிவுகளில் உள்ள தேயிலைத் தொழிற்சாலைகளோ விறகுக்கு அலைகின்றன. பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். பதமான தூளில் அது சுமார் 3 சதவீதம்தான். ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோ கொழுந்து வேண்டும் என்றால், மூன்று கிலோவுக்கு மேற்பட்ட நீரை வெளியேற்றியாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது விறகு உலை. உலைத் தீயின் புகை இரும்புக் குழாய்களுக்குள் ஓடிப் புகைபோக்கி வழியாகப் போய்விடும். விசிறி இழுக்கும் வெளிக்காற்று அந்தக் குழாய்களின் மேலாகப் பாய்ந்து சூடேறி உலர்த்திக்குள் போகும். இரண்டும் கலக்கக்கூடாது, தேயிலை எந்த வாடையையும் சட்டென்று பிடித்துக்கொள்ளும். உலர்த்திக்கு ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் காற்று தேவை. கொழுந்தை வாட்டும் தொட்டிகளுக்கு இளஞ்சூடு போதும்.

வேலியோரம் உக்கும் கிளிரிசீடியாக் கம்பை இந்த உலைக்கு விற்கலாம். ஆனால் வெட்டிய கம்பில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அதை அப்படியே எரித்தால் தீ முதலில் அந்த நீரை ஆவியாக்கவே உழைக்கும். ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கினால், ஒரு கிலோ விறகு தரும் வெப்பம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான பிணக்கும் இங்கேதான். நிறைக்கு மட்டும் காசென்றால் ஈரக் கம்பு கொண்டுவருபவருக்கு இலாபம். கன அளவுக்குக் காசென்றால் கோணல் கம்பை இடைவெளி விட்டு அடுக்குபவருக்கு இலாபம். காய்ந்த நிறைக்குக் காசு தருவதே இருவருக்கும் நியாயம். மாதிரித் துண்டொன்றை நிறுத்து, முழுதும் காயவைத்து மறுபடி நிறுத்தால் ஈரம் எவ்வளவென்று தெரிந்துவிடும். அதை விவசாயியின் கண்முன்னே செய்ய வேண்டும்.

2005இல் இலங்கை அரசாங்கம் கிளிரிசீடியாவைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. கண்டிக்குக் கிழக்கே, பதினெட்டு வளைவுகள் எனப்படும் மலைப்பாதைக்கு அப்பால் மஹியங்கனையில், டோக்கியோ சிமெந்துக் குழுமத்தின் 5 மெகாவாட் மின் நிலையம் ஊர் விவசாயிகளிடமிருந்து இக்கம்பை வாங்கி எரிக்கிறது. ஒரு நிறுவனம் தொடர்ந்து வாங்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் மக்கள் நடுவார்கள், வெட்டிய அடியிலிருந்து துளிர்க்க விடுவார்கள். அப்படித் துளிர்ப்பதுதான் எரித்தபோது வெளியான கரியமில வாயுவை மீண்டும் இழுத்துக்கொள்கிறது. இயற்கைக் காட்டிலிருந்து வந்த விறகைப் புதுப்பிக்கத்தக்க சக்தி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கெலிஓயாப் பக்கத்துக்குப் பெரிய மின் நிலையம் தேவையில்லை என்றே நினைக்கிறேன். சிறு தோட்டக்காரரிடம் கொழுந்து எடுக்க வரும் லொறி, கொழுந்தில்லாத நாளில் கம்பும் ஏற்றலாம். நடுவில் ஒரு கூரைக் கொட்டகை வேண்டும். மழை மிகுந்த இந்த ஊரில் வெட்டவெளியில் கம்பு காயாது. கொட்டகையைத் தொழிற்சாலை கட்டித்தந்து, கிராமச் சங்கம் நடத்தட்டும்.