இரவில் நகலெடுக்கும் ஏஜெண்ட்

உங்கள் மகனோ மகளோ பட்டணத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை செய்கிறார்களா? அப்படியானால், "இன்றைக்குப் பத்து லினக்ஸ் மெஷினில் பேக்கப் ஏஜெண்ட் போட்டேன்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது என்ன சங்கதி என்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்களேன்.

கிராணியாரின் செக்ரோல் புத்தகம் மழையில் நனைந்துபோனால் சம்பளக் கணக்கு என்ன ஆகும்? கம்ப்யூட்டரில் உள்ள கணக்குக்கும் அந்தக் கதி வரலாம். ஆகவே இரவுதோறும் அதன் நகல் வேறொரு கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர வேண்டும். நகலை எடுத்துக் கொடுக்க ஒவ்வொரு மெஷினிலும் காத்திருக்கும் சிறிய புரோகிராம்தான் ஏஜெண்ட்.

லினக்ஸ், 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்தது. அதில் ஓடும் இலவச நகல் புரோகிராம்களில் ஒன்று, கெர்ன் சிபால்ட் 2000-இல் தொடங்கிய பாக்குலா. டிராகுலா என்ற இரத்தக் காட்டேரியை ஒட்டி வைத்த பெயர் அது. இரவில் வந்து கம்ப்யூட்டரின் சத்தை உறிஞ்சிக்கொண்டு போகுமாம்! நல்ல காட்டேரிதான்.

ஏஜெண்டைப் போடுவது ஒரே வரிக் கட்டளை. தொல்லையெல்லாம் அதற்குப் பிறகுதான். 'டைரக்டர்' என்ற தலைமைப் புரோகிராம் வேறொரு மெஷினிலிருந்து உத்தரவு கொடுக்கும். அதன் பெயரும் கடவுச்சொல்லும் இரு பக்கமும் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். ஏஜெண்ட் 9102 என்ற வாசலில் காத்திருக்கும். காவல் புரோகிராம் அந்த வாசலை மூடிவைத்திருந்தால் திறந்துவிட வேண்டும். டெபியன் வகை லினக்ஸில் இன்னொரு வேடிக்கை. அங்கே போட்டவுடன் ஏஜெண்ட் தன் மெஷினுக்குள்ளிருந்து வரும் குரலுக்கு மட்டுமே செவிகொடுக்கும். டைரக்டர் வெளியிலிருந்து எத்தனை முறை கூப்பிட்டாலும் பதில் வராது. முகவரியை மாற்றி, ஏஜெண்டை மறுபடி ஓடவிட வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் நகல் கிடைத்துவிடுமா?

2017 ஜனவரி 31-ஆம் தேதி, கிட்லேப் என்ற கம்பெனியில் ஊழியர் ஒருவர் இரவு நேரத்தில், மெஷின் மாறி அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். நொடிப்பொழுதில் ஏறத்தாழ 300 ஜிகாபைட் போய்விட்டது. நகலைத் தேடினார்கள். இல்லை! நகலெடுக்கும் புரோகிராம் பழைய பதிப்பு. கணக்கை வைத்திருந்த புரோகிராமோ புதியது. இரண்டும் ஒத்துவராமல் நகலெடுப்பு தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதை எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறு காரியத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்துவைத்த பிரதி ஒன்றுதான் கைகொடுத்தது. அந்த ஆறு மணி நேரத்தில் சேர்ந்தது போனது போனதுதான். நடந்ததை மறைக்காமல் ஊரறியச் சொன்னார்களே, அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

அடுத்த முறை பிள்ளை வீட்டுக்கு வந்து "ஏஜெண்ட் போட்டுவிட்டேன்" என்றால், "ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துப் பார்த்தாயா?" என்று கேளுங்கள். நகலிலிருந்து ஒரு ஃபைலை வேறு இடத்தில் இறக்கி, அசலோடு ஒப்பிட அதிக நேரம் பிடிக்காது. மாதம் ஒருமுறையாவது அதைச் செய்யச் சொல்லுங்கள்.